ரமலான் முடிந்த பிறகும் நோன்பா?

"என்ன பாய், ரம்ஜான்தான் முடிஞ்சிடுச்சே, இன்னைக்கு என்ன நோன்பு?" வியாழக்கிழமை பதினொரு மணி டீக்கு நான் எழுந்து போகவில்லை என்றால் ஆபீசில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர்கள் கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பவர்கள், சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்கள், தவக்காலத்தில் கறி தொடாதவர்கள். விரதம் அவர்களுக்குப் புதிதில்லை, முஸ்லிம்களுக்கு அது வருஷத்தில் ஒரு மாதத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே பல பேருக்குப் பெருநாள் பிறை தெரிந்த அன்றோடு நோன்பு என்ற பேச்சே முடிந்துபோகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

ரமலான் நோன்பு ஃபர்ளு, கட்டாயக் கடமை. விட்டுப்போனால் களா செய்தே, அதாவது பிறகு ஒரு நாளில் ஈடாக வைத்தே ஆக வேண்டும். அதற்கு வெளியே நாமாக விரும்பி வைப்பதுதான் நஃபில். அதிலும் நபி (ஸல்) அவர்கள் வழக்கமாக வைத்த, வைக்கச் சொல்லி ஆர்வமூட்டிய நாட்கள் இருக்கின்றன, அவற்றை சுன்னத்தான நோன்பு என்கிறோம். வைத்தால் நன்மை, வைக்காவிட்டால் குற்றமில்லை. ரமலானையும் நோற்று அதைத் தொடர்ந்து வரும் ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பும் வைத்தவர் காலமெல்லாம் நோன்பு வைத்தவரைப் போல என்று அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒரு நன்மைக்குப் பத்து என்று கணக்குப் போட்டால் 30 நோன்பு 300, 6 நோன்பு 60, ஒரு வருஷம் நிறைந்துவிடுகிறது என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) விளக்குவார்கள். இந்த ஆறையும் தொடர்ச்சியாகத்தான் வைக்க வேண்டும் என்று இல்லை, மாதத்துக்குள் பிரித்தும் வைக்கலாம். துல்ஹஜ் மாதம் பிறை 9 அரஃபா நோன்பு, போன வருஷத்துக்கும் வருகிற வருஷத்துக்கும் பாவப் பரிகாரம். ஹஜ்ஜுக்குப் போய் அரஃபா மைதானத்தில் நிற்பவர்களுக்கு இது இல்லை, ஊரில் இருக்கிற நமக்குத்தான். முஹர்ரம் 10 ஆஷூரா, மூஸா நபியையும் அவருடைய மக்களையும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள், அதோடு 9ஐயும் சேர்த்துக்கொள்வது சுன்னத். அப்புறம் ஒவ்வொரு மாதமும் பிறை 13, 14, 15. ஒவ்வொரு வாரமும் திங்கள், வியாழன். நோன்பே வைக்கக் கூடாத நாட்களும் உண்டு: இரண்டு பெருநாட்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த மூன்று நாட்கள். வெள்ளிக்கிழமையை மட்டும் தனியாக எடுத்து வைப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை.

இத்தனையிலும் எனக்கு மனசுக்கு நெருக்கமானது திங்களும் வியாழனும்தான். அந்த இரண்டு நாட்களிலும் நம் அமல்கள் (செயல்கள்) அல்லாஹ்விடம் எடுத்துக்காட்டப்படுகின்றன, அந்த நேரத்தில் நான் நோன்பாளியாக இருக்க விரும்புகிறேன் என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். திங்களைப் பற்றிக் கேட்டபோது, அது நான் பிறந்த நாள் என்றும் சொன்னார்கள். ஆனால் அந்தக் காரணத்தோடு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

ரமலானில் நோன்பு வைப்பது ஒருவகையில் சுலபம். கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) அஸர் என்ற மாலைத் தொழுகை முடியும்போதே பள்ளிவாசல் வாசலில் தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், கஞ்சி வாசனை தெருமுனை வரை வரும். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு மைக்கில் எழுப்புவார்கள், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், எதிர்வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கும். ஊரே சேர்ந்து நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. சாதாரண வியாழக்கிழமையில் இதெல்லாம் எதுவும் கிடையாது. டீக்கடையில் பால் கொதிக்கிறது, மதியம் ஒரு மணிக்கு ஆபீசில் டப்பாக்கள் திறக்கின்றன, யாரோ வறுத்த வஞ்சிரம் கொண்டுவந்திருக்கிறார்கள், நாம் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாலும் கேட்க ஆளில்லை. பள்ளிவாசலுக்குத் தெரியாது, சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. பல வாரம் வீட்டிலேயே தெரியாது. நமக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் நாள் முழுக்க வயிற்றுக்குள்ளே இருந்துகொண்டே இருக்கிறது.

"நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுக்கிறேன்" என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸ் குத்ஸியை ரமலான் பயான்களில் (சொற்பொழிவுகளில்) எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தொழுகையை நாலு பேர் பார்க்கிறார்கள், ஜகாத்தை வாங்குகிறவராவது பார்க்கிறார், நோன்பை மட்டும் வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது என்று ஆலிம்கள் இதற்கு விளக்கம் சொல்வதும் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அது உள்ளே இறங்கியது நஃபில் நோன்பில்தான். முகஸ்துதி, அதாவது பிறர் மெச்சுவதற்காகச் செய்வது என்று பயந்து பயந்து ஒதுங்க வேண்டிய வேலையே இதில் இல்லை, காட்டிக்கொள்ள நினைத்தால்கூட வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

நாக்கு விஷயமும் அப்படித்தான். பொய் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற ஹதீஸ் புகாரி தொகுப்பில் இருக்கிறது. ரமலானில் எல்லாரும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கிறோம். சாதாரண நாளில், மாசக் கடைசியில், மேலதிகாரி எரிந்து விழும்போது, அடுத்த மேஜைக்காரரைப் பற்றிப் புறம் பேச நாலு பேர் கூடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. யாராவது சண்டைக்கு வந்தால் "நான் நோன்பாளி" என்று சொல்லிவிடுங்கள் என்பது நபிமொழி. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும் வேலை செய்கிறது.

நான் கடலூரிலிருந்து தினமும் பாண்டிக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன். மழைக்காலத்தில் மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடும், அதனால் சில வாரங்களில் நோன்பு திறப்பது பஸ்ஸில்தான். அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசல், தவளக்குப்பத்தில் ஒரு கூட்டம் ஏறும், கிருமாம்பாக்கம் வரும்போது வெளியே இருட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை உட்கார இடமில்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் மணியைப் பார்த்து, சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுக்கப் படாத பாடு பட்டேன். பழம் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலோரம் இருந்த பெரியவர், மீன் வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் போல, காலடியில் காலிக் கூடை, பார்த்துக்கொண்டே இருந்தவர், "நோன்பா தம்பி? பையைக் குடு, நான் வெச்சிக்கிறேன்" என்று தோள்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டில் மூடியையும் அவரே திறந்து கொடுத்தார். அவருக்கும் ஒரு பழம் கொடுத்தேன், கொட்டையை வெளியே எறியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நோன்பு திறந்ததும் ஓதும் துஆவுக்கு அர்த்தம், தாகம் தீர்ந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியானது என்பது. நரம்புகள் நனைந்தன என்பதை அந்தப் பஸ்ஸில் முதல் வாய்த் தண்ணீர் தொண்டையிலிருந்து இறங்கும்போது அப்படியே உணர்ந்தேன். பள்ளிவாசலில் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து திறந்த எந்த நோன்பைவிடவும் அது எனக்கு மறக்காது.

நஃபிலில் இருக்கிற சலுகைகளும் பலருக்குத் தெரிவதில்லை. ரமலான் நோன்புக்கு இரவிலேயே நிய்யத் (நோன்பு வைக்கும் எண்ணம்) வைத்துவிடுவோம். நஃபிலுக்கு அது கட்டாயமில்லை, சுபுஹிலிருந்து (விடியலிலிருந்து) எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தால் காலையில்கூட நிய்யத் செய்துகொள்ளலாம். நபி (ஸல்) ஒருநாள் வீட்டுக்கு வந்து மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் அப்படியானால் நான் நோன்பு என்றார்கள். இன்னொரு நாள் வந்தபோது பேரீச்சம்பழமும் நெய்யும் சேர்த்துச் செய்த ஒரு பலகாரம் அன்பளிப்பாக வந்திருந்தது, நோன்போடுதான் காலையில் இருந்தேன், கொண்டு வா என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. வீட்டில் ஒன்றுமில்லாத நாளை வணக்கமாக்கிக்கொண்டதும், ஆசையாக ஒருவர் கொடுத்தனுப்பியதை மதித்து நோன்பை விட்டதும் இரண்டும் ஒரே வீட்டில் நடந்திருக்கின்றன. ஆரம்பித்த நஃபிலை இப்படி விட்டால் களா உண்டா என்பதில் மத்ஹபு என்னும் சட்டப் பிரிவுகளுக்குள் வித்தியாசம் இருக்கிறது. ஷாஃபியில் கட்டாயமில்லை, ஹனஃபியில் பிறகு ஒருநாள் வைத்துவிட வேண்டும். எங்கள் வீடு ஹனஃபி.

சஹர் பற்றி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நஃபில் நோன்பு நாம் விரும்பி வைப்பது. அதற்காக வீட்டுப் பெண்களை நாலரை மணிக்கு எழுப்பி அடுப்பு பற்ற வைக்கச் சொல்வதில் என்ன நியாயம்? ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால் காலையில் தயிரைப் பிசைந்து சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டுவிடலாம், இல்லையென்றால் இரண்டு வாழைப்பழம், ஒரு முட்டை, வேண்டிய அளவு தண்ணீர். விளக்கைக்கூடப் போடாமல் முடித்துவிடலாம். சஹரில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது என்று ஹதீஸ், ஒரு மிடறு தண்ணீராவது குடியுங்கள் என்றும் வந்திருக்கிறது, அதனால் சஹரை விட்டுவிட்டு வைக்க வேண்டாம். கருவாடும் ஊறுகாயும் மட்டும் வேண்டாம், லுஹருக்குள் (மதியத் தொழுகைக்குள்) நாக்கு வறண்டுவிடும்.

சரி, உடம்புக்கு என்ன நன்மை? இதில் உள்ளதை உள்ளபடி பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நோன்பைப் புகழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்களே வாட்ஸ்அப்பில் எதை எதையோ அனுப்புகிறார்கள். நோன்பு புற்றுநோயைக் குணமாக்கும் என்று கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று ஒன்று வருஷா வருஷம் வரும். யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. ஒரு செல் தனக்குள்ளே பழுதான பாகங்களை உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் ஆட்டோபேஜி என்ற வேலை எப்படி நடக்கிறது, எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்று ஈஸ்ட்டை வைத்துக் கண்டுபிடித்தார். உணவு கிடைக்காத செல்லில் அந்த வேலை கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அவர் பரிசு வாங்கியது நோன்பு ஆராய்ச்சிக்காக இல்லை, பன்னிரண்டு பதிமூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் புற்றுநோய் போய்விடும் என்று அந்த ஆராய்ச்சியில் எங்கும் இல்லை. உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறும் என்பதும் அப்படித்தான், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

உண்மையில் நடப்பது இதுதான். சஹரில் சாப்பிட்டது மதியத்துக்குள் ஜீரணமாகிவிடும், அப்புறம் கல்லீரல் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது, சாயங்காலம் நெருங்க நெருங்க உடம்பு கொழுப்பிலிருந்தும் கூடுதலாக எடுக்க ஆரம்பிக்கிறது. எடையைப் பொறுத்தவரை, விட்டு விட்டுச் சாப்பிடாமல் இருப்பதும் தினமும் அளவைக் குறைத்துச் சாப்பிடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதுவும் நோன்பு திறந்ததும் சமோசா, வாழைக்காய் பஜ்ஜி, ரோஸ்மில்க், ராத்திரி புரோட்டா என்று போனால் அந்தப் பலனும் கிடையாது. வாரம் இரண்டு நாள் நோன்பின் நன்மை எனக்குத் தெரிந்தவரை வேறு இடத்தில் இருக்கிறது. பசியா, பழக்கமா என்று பிரித்துப் பார்க்க அது கற்றுக்கொடுக்கிறது. நாலு மணிக்குக் கை தானாக பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுவது பசியால் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர்களுக்கு நோன்பில் வரும் தலைவலி பெரும்பாலும் காபீன் இல்லாததால் வருவது, முந்தின நாட்களிலேயே டீயைக் குறைத்துக்கொண்டு வந்தால் அது வருவதில்லை. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு, பகல் முழுக்க இது இல்லாமல் இருக்க முடிகிறது என்று தெரிவதே பெரிய விஷயம். எனக்கு நெருங்கிய ஒருவர் ஷவ்வால் ஆறு நோன்பை வைத்துக்கொண்டே அதை விட்டார், அல்ஹம்துலில்லாஹ், இன்னும் தொடவில்லை.

எல்லாருக்கும் நோன்பு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வில் சர்க்கரை நோய் அதிகமுள்ள இடங்களில் கோவாவுக்கு அடுத்து நிற்பது புதுச்சேரி, 26.3 சதவீதம். வயதுக்கு வந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவருக்கு மேல். நம் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எது?

எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை. ஒரு வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்துவிட்டு, காலையில் போடும் மாத்திரையை வழக்கம்போல சஹரிலேயே போட்டிருக்கிறார்கள். அது சர்க்கரையை வேகமாக இறக்கும் வகை. அஸருக்கு முன்னால் தங்கை போன் செய்தாள், அம்மா வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்று. மிஷினில் பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கையில் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டு, "இன்னும் ரெண்டு மணி நேரம்தானேம்மா, நோன்பை எப்படி முறிக்கிறது" என்கிறார்கள். தங்கை வேறு வழியில்லாமல் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் (இமாமுக்குப்) போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முறிச்சிடுங்கம்மா. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்னு குர்ஆன்ல இருக்கு. இப்ப குடிக்கிறதுதான் உங்களுக்கு இபாதத், வணக்கம்." அம்மா குடித்தார்கள், குடித்துவிட்டு அழுதார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.

சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல், இது ரமலானுக்கும் பொருந்தும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது, ஆலிம்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் பயந்துகொண்டு பார்க்காமல் இருக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை போடுகிறவர்கள், கிட்னி பாதிப்பு உள்ளவர்கள், அடிக்கடி கல் வருகிறவர்கள், குடல்புண் ஆறாதவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நஃபிலில் இறங்கவே வேண்டாம். மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றுவது டாக்டர் வேலை, நாமாகச் செய்வது இல்லை. அம்மாவுக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு, அந்த முறித்த நோன்பை மார்கழியில் களா செய்தார்கள், நடுவில் மூன்று தடவை குத்திப் பார்த்துக்கொண்டு. இப்போது அரஃபாவும் ஆஷூராவும் மட்டும்தான். திங்கள், வியாழனில் நோன்பு வைக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிடுகிறார்கள், நோன்பாளியைத் திறக்க வைப்பவருக்கு அந்த நோன்பாளியின் கூலியைப் போலவே உண்டு, அவருடையதில் எதுவும் குறையாது என்று ஹதீஸ் இருக்கிறதே.

கூடுதலாகச் செய்தால்தான் பக்தி என்ற எண்ணத்தை நபி (ஸல்) அன்றைக்கே திருத்தியிருக்கிறார்கள். நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) வாலிபர், தினமும் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. மாதம் மூன்று நாள் போதும் என்றார்கள் நபியவர்கள். என்னால் இன்னும் முடியும், இன்னும் முடியும் என்று அவர் கேட்டுக்கொண்டே போக, கடைசியில் தாவூத் நபியின் நோன்பை, ஒருநாள் விட்டு ஒருநாள், அனுமதித்து, இதைவிடச் சிறந்தது இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வயதான பிறகு அப்துல்லாஹ் சொன்னாராம், அந்தச் சலுகையை அப்போதே ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாதா என்று. இன்னொரு தோழர் சல்மான் (ரலி) தன் சகோதரர் அபூதர்தா (ரலி) வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்காரம்மா அலங்காரமே இல்லாமல் வாடியிருந்தார். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவையில்லை என்றார். அபூதர்தா விருந்தாளிக்குச் சாப்பாடு வைத்துவிட்டு நான் நோன்பு என்றபோது, நீ சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று சல்மான் உட்கார்ந்துவிட்டார். அபூதர்தாவும் சாப்பிட்டார். உன் ரப்புக்கு (இறைவனுக்கு) உன்மேல் உரிமை இருக்கிறது, உன் உடம்புக்கு உரிமை இருக்கிறது, உன் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது, அவரவருக்கு உரியதைக் கொடு என்று சல்மான் சொன்னதை, சரியாகச் சொன்னார் என்று நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

புதிதாக ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் மழைக்காலத்திலும் மார்கழியிலும் ஆரம்பியுங்கள். டிசம்பரில் நம் ஊரில் சஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் வருகிறது, வெயிலும் இல்லை. ஜூனில் அதுவே பதினாலு மணி நேரத்தைத் தாண்டும், காற்றே அனலாக இருக்கும். முதல் மாதம் திங்கள், வியாழன் இரண்டும் வேண்டாம், ஒன்று போதும், அதுவும் முடியாவிட்டால் பிறை 13, 14, 15 மூன்று நாள். ரமலான் களா பாக்கி இருக்கிற சகோதரிகள் முதலில் அதை வையுங்கள், ஏனென்றால் அது கடன். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களே தங்களுக்கு விட்டுப்போன ரமலான் நோன்புகளை அடுத்த ரமலானுக்கு முந்தின மாதமான ஷஅபானில்தான் வைக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒரு வியாழன் என்று வைத்துக்கொண்டால் ரபீவுல் அவ்வல் மாதத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.